பெருங்குடலைக் காக்கும் நொதிகள்

வாழைத்தண்டை நறுக்கியவுடன் மோரில் போடாவிட்டால் கறுத்துப் போகும் என்பது நம் ஜெயமங்கலத்துச் சிறுமியருக்கும் தெரிந்த செய்தி. மழையில் நனைந்த மண்வெட்டி இரண்டு நாளில் துருவேறி நிற்கிறது. நாள்பட்ட கடலை எண்ணெய் காறல் வாடை அடிக்கிறது. இம்மூன்றும் ஒரே வகையில் நடப்பவை அல்ல. தண்டைக் கறுக்கச் செய்வதற்கு அதனுள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. மண்வெட்டியில் அப்படி எதுவும் இல்லை. ஆயினும் மூன்று இடத்திலும் வேலை செய்வது ஒரே பொருள்தான். அதுதான் பிராணவாயு என்று நம் முன்னோர் அழைத்த ஆக்ஸிஜன்.

உயிர் வாழ்வதற்கு நாம் நொடிதோறும் உள்ளிழுக்கும் இந்த வாயு, எண்ணெயைக் கெடுப்பது போல நம் உடம்பையும் கெடுக்காதா? மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியராகிய எங்களுக்கு எழுந்த இந்த ஐயத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. கெடுக்கத்தான் செய்கிறது என்பதே விடை. அதைத் தடுக்க ஒவ்வொரு செல்லிலும் காவலர்கள் இருக்கிறார்கள். அந்தக் காவல் தளரும்போது பெருங்குடலில் என்ன நேருகிறது என்பதையும், அதை ஏன் நம் வீட்டுப் பெண்கள் அவசியம் அறிய வேண்டும் என்பதையும் இங்கே எழுத முற்படுகிறோம்.

நாம் உண்ணும் சோறு செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலையில் எரிக்கப்படுகிறது. அங்கே எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிச் சென்று இறுதியில் ஆக்ஸிஜனை அடைகின்றன. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை முறையாகப் பெற்றுக்கொண்டால் நீராகிவிடும், தொல்லையில்லை. சிற்சில வேளைகளில் ஒரே ஓர் எலக்ட்ரான் மட்டும் இடையில் தப்பிப் போய் ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. அதுவே சூப்பராக்ஸைடு. ஜோடியில்லாத எலக்ட்ரானைச் சுமந்து திரியும் இத்தகைய துகள்களைத் தனியுறுப்புகள் என்று நம் பாடநூல்கள் கூறுகின்றன. இவை அருகில் கிடைக்கும் கொழுப்பையோ, புரதத்தையோ, மரபுப்பொருளான டி.என்.ஏ.வையோ தாக்கித் தமக்கு வேண்டிய எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ள முனைகின்றன.

ஆக்ஸிஜனின் நஞ்சும் எக்ஸ்-கதிரின் கேடும் இந்தத் தனியுறுப்புகள் என்னும் ஒரே வழியாகத்தான் உடலைத் தாக்குகின்றன என்று 1954-ஆம் ஆண்டில் துணிந்து எழுதியவர் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா நாட்டுப் பெண் விஞ்ஞானி. அக்காலத்தில் அதை ஏற்றுக்கொண்டவர் சிலரே. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட் என்ற மாணவரும் ஃபிரிடோவிச் என்ற பேராசிரியரும் மாட்டு இரத்தத்திலிருந்து ஒரு நொதியைப் பிரித்து, அதன் வேலை சூப்பராக்ஸைடை ஒழிப்பதே என்று காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரதம் 1938-லேயே கண்டெடுக்கப்பட்டதுதான். செம்பு கலந்து நீலப்பச்சையாய் இருந்த அதற்கு என்ன வேலை என்று முப்பது ஆண்டுகள் எவருக்கும் விளங்கவில்லை. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்பது அதன் பெயர். பெயர் நீளமாயிருப்பதால் நாங்கள் வகுப்பில் அதை "முதற்காவலர்" என்று அழைப்பது வழக்கம். இங்கும் அவ்வாறே எழுதுகிறோம். செல்லின் பொதுப்பகுதியில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த வகை. மைட்டோகாண்டிரியாவுக்குள் இருப்பது மாங்கனீஸ் கலந்த வகை.

முதற்காவலர் இரண்டு சூப்பராக்ஸைடைப் பிடித்து ஒன்றை ஆக்ஸிஜனாகவும் மற்றதை ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் மாற்றிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சாதுவான பொருள் அன்று. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே நுரைக்கும் மருந்துதான். ஆகவே இரண்டாம் காவல் தேவைப்படுகிறது. அது கேட்டலேஸ் என்னும் நொதி.

கேட்டலேஸின் ஆற்றலைக் கண்ணால் காண்பது எளிது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று சோதனைக்குழாய்களில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினோம். ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு, ஒன்றில் சந்தையில் வாங்கிய ஆட்டு ஈரலின் சிறு துண்டு, மூன்றாவதில் வேகவைத்த ஈரல். உருளைக்கிழங்கு மெல்ல நுரைத்தது. பச்சை ஈரல் இருந்த குழாயில் நுரை பொங்கிக் குழாயைத் தாண்டி வழிந்து மேசையை நனைத்தது. அணைத்த தீக்குச்சியின் தணலை அந்த நுரையில் காட்டியபோது அது மீண்டும் சுடர்விட்டது. வெளிப்பட்டது ஆக்ஸிஜன் என்பதற்கு அதுவே சான்று. வெந்த ஈரலோ அசையாமல் கிடந்தது. வெப்பத்தால் நொதியின் மடிப்புக் குலைந்துவிட்டால் அதற்கு வேலை செய்யத் தெரியாது. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்குப் பல இலட்சம் பெராக்ஸைடு மூலக்கூறுகளைப் பிளக்கவல்லது என்று நூலில் படித்ததை விட, மேசையைத் துடைத்தபோது அது எங்களுக்கு நன்றாக விளங்கியது.

மூன்றாம் காவல் குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ். செலினியம் என்னும் தனிமத்தைத் தன்னுள் கொண்ட இந்த நொதி, குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறைச் செலவழித்துப் பெராக்ஸைடை நீராக்குகிறது. செலவான குளூட்டாதையோனை இன்னொரு நொதி புதுப்பித்துத் தருகிறது. குடிதண்ணீர்க் குடத்தை ஒருவர் காலி செய்ய இன்னொருவர் நிரப்பிவைப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்த மூவரும் கவனிக்கத் தவறும் பெராக்ஸைடு, தனித்துத் திரியும் இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்ஸில் என்னும் தனியுறுப்பு பிறக்கும். அதை எதிர்க்க எந்த நொதியும் கிடையாது. பிறந்த இடத்திலேயே கைக்கெட்டியதைத் தாக்கிவிடும். தாக்குதல் மிகுந்து காவல் குறைந்த நிலைக்கு ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி என்று பெயர் சொல்லலாம். ஹெல்மூட் சீஸ் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலார் 1985-ல் இச்சொல்லை வரையறுத்தார்.

இனிப் பெருங்குடலுக்கு வருவோம். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயின் உட்சுவரில் கிணறு போன்ற நுண்குழிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் மூலச்செல்கள் இடைவிடாமல் பிரிந்து புதுச்செல்களை மேலே அனுப்புகின்றன. நான்கைந்து நாட்களில் பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் வந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாகப் பிரதி எடுக்கும் இடத்தில் பிரதியில் பிழை நேர வாய்ப்பும் மிகுதி. உண்ட உணவில் உடலில் சேராது போன இரும்பு இங்கேதான் வந்து சேருகிறது. பித்தநீரின் மிச்சமும், கோடானுகோடிப் பாக்டீரியாக்களும் அவை உண்டாக்கும் பொருள்களும் இங்கேதான். சுவரில் நாட்பட்ட அழற்சி இருந்தால் அங்கு வந்து குவியும் வெள்ளணுக்களும் கிருமிகளைக் கொல்லச் சூப்பராக்ஸைடையே ஆயுதமாகப் பொழிகின்றன. ஆக்ஸிஜனேற்ற நெருக்கடிக்கு வேண்டிய விறகெல்லாம் ஒரே அடுப்பில் அடுக்கி வைத்தாற்போலத்தான்.

டி.என்.ஏ.யில் ஜி என்ற எழுத்தை ஆக்ஸிஜன் தாக்கினால், அது உருமாறித் தனக்குரிய சி-யை விட்டு ஏ-யுடன் கைகோத்துக்கொள்கிறது. அடுத்த பிரதியில் அந்தப் பிழை நிலைத்துவிடும். இதைத் திருத்தவும் செல்லில் ஆள் உண்டு. மியூட்டிஹெச் என்னும் மரபணு தரும் நொதி, தவறாக வந்து அமர்ந்த ஏ-யைக் கத்தரித்து எடுத்துவிடுகிறது. 2002-ல் பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். உடன்பிறந்தோர் சிலருக்குப் பெருங்குடலில் ஏராளமான சதைமொட்டுகள். அவர்களுக்குத் தாய்வழி, தந்தைவழி என இரண்டு பிரதியிலும் இந்த மரபணு பழுதாகியிருந்தது. அவர்களுடைய கட்டிகளில் இருந்த பிழைகளைப் படித்தபோது, ஆக்ஸிஜன் தாக்கினால் எந்தப் பிழை வருமோ அதே பிழை திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஆக்ஸிஜனேற்றம் வெறும் துணைநிகழ்ச்சி என்று இனித் தள்ள முடியாது. குறைந்தது சிலருக்கேனும் புற்றுநோயின் முதல் அடியை எடுத்துவைப்பது அதுவே. நாங்கள் படித்தவற்றுள் இதைவிட நேரான சான்று வேறில்லை.

நோய் ஒரே நாளில் வருவதன்று. குழியொன்றில் பிழை சேர்ந்த செல்கள் உதிராமல் தங்கி, கடுகளவு மொட்டாக எழும்பும். இதை மருத்துவர்கள் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்புகள் கேடு செய்யாமலே இருந்துவிடும். சில மட்டும் மேலும் மேலும் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்றபின் புற்றாகின்றன. இந்த நீண்ட அவகாசம் ஒரு பெரும் பேறு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

தொடக்க நிலையில் நம் காவல் நொதிகளின் கதி என்ன? அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியையும் அதன் அருகிலுள்ள நல்ல திசுவையும் ஒப்பிட்டு உயிர்வேதியியலார் இதை அளக்கிறார்கள். கொழுப்பு கெட்டுப்போன அளவை அறிய, காறலெடுத்த எண்ணெயில் உண்டாகும் மலோன்டயால்டிஹைடு என்ற பொருளையே தேடுகிறார்கள். தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கினால் அது இளஞ்சிவப்பு நிறம் தரும். நிறத்தின் செறிவைக் கருவியால் அளந்தால் கேட்டின் அளவு தெரியும். சமையலறையில் மூக்கு சொல்லும் செய்தியையே ஆய்வுக்கூடத்தில் நிறம் சொல்லுகிறது.

கேட்டலேஸ் கட்டித் திசுவில் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. குளூட்டாதையோன் நொதியைப் பற்றி ஒருவர் ஏற்றம் என்றால் இன்னொருவர் இறக்கம் என்கிறார். மாங்கனீஸ் வகை முதற்காவலர் மட்டும் நல்ல திசுவைவிடப் புற்றில் கூடியிருப்பதாகப் பலரும் கண்டிருக்கிறார்கள். இது முதலில் எங்களைத் திகைக்க வைத்தது. காவலர் கூடினால் நல்லதுதானே? யோசித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. புற்றுச்செல்லும் ஒரு செல்தான். வேகமாக வளரும் அதற்குள் ஆக்ஸிஜனின் தொல்லையும் மிகுதி. தான் பிழைத்திருக்க அதுவும் காவலர்களை அழைத்துக்கொள்கிறது. முதற்காவலர் கூடிக் கேட்டலேஸ் குறைந்தால் நடுவில் பெராக்ஸைடு தேங்கும். ஓரளவு பெராக்ஸைடு செல் பிரிவதைத் தூண்டவும் செய்யும். நோய் வருமுன் நம்மைக் காத்த அதே காவலர், நோய் வேரூன்றிய பின் நோயைக் காக்கிறார். ஆகவே இரத்தத்தில் ஒரு நொதியின் அளவைப் பார்த்து "உமக்குப் புற்றுநோய் உண்டு, இல்லை" என்று சொல்லும் சோதனையாக இது இன்னும் உருவாகவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இத்துறையில் உழைத்தவர்கள் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் டைமீத்தைல்ஹைட்ரசீன் என்னும் மருந்தால் எலிகளுக்குப் பெருங்குடல் புற்றை உண்டாக்கி, நம் அஞ்சறைப்பெட்டிச் சாமான்களை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான அவர்களது ஆய்வில் மிளகாய் வற்றல் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் மிகுதியாகவும், சீரகமோ மிளகோ தின்றவற்றுக்குக் கேடு குறைவாகவும் காணப்பட்டன. இதைப் படித்ததும் எங்களுள் ஒருத்தி தன் வீட்டில் மிளகாயை நிறுத்தச் சொல்லப் போவதாகக் கூறினாள். ஆசிரியை அவர்கள் சிரித்துவிட்டு, "எலிக்கு ஊசி போட்டது யார் என்பதையும் வீட்டில் சொல்" என்றார்கள். உண்மைதான், கடும் நஞ்சு ஏற்றப்பட்ட எலியின் குடலில் நடப்பதைக் கொண்டு நம் வீட்டு இரசத்திற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அவ்வாறே அருகிலுள்ள வடுகபட்டிச் சந்தைப் பூண்டையும், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையும் புற்றுநோய்க்கு மருந்தென்று சொல்லிவிட ஆசை வருகிறது. பூண்டில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. திராட்சைத் தோலின் கருநீலச் சாயத்துக்கு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் சோதனைக்குழாயில் உண்டு. சோதனைக்குழாயிலிருந்து மனிதக் குடலுக்கு வழி வெகுதூரம். அவற்றை உணவாக உண்பது நன்று. மருந்தென்று நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடுவது தீது.

இவ்விடத்தில் "ஆன்டி-ஆக்ஸிடன்ட்" என்று எழுதி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். காவலர் குறைந்ததால் நோய் என்றால், காவலரை மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று விஞ்ஞானிகளே எண்ணினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில், ஏற்கெனவே பாலிப் எடுக்கப்பட்ட 864 பேருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவற்றை நான்கு ஆண்டுகள் கொடுத்த சோதனையும் வெளியாயிற்று. புதுப் பாலிப்புகள் சிறிதும் குறையவில்லை. காரட்டையும் கீரையையும் தின்றவர்கள் நலமாயிருப்பதைக் கண்டு, அதிலுள்ள ஒரு பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நலம் வரும் என்று கருதியது பொய்த்தது. பளபளக்கும் டப்பாக்களில் வரும் இவற்றுக்குப் பெற்றோர்கள் செலவிடும் பணத்தில் கம்பும் கேழ்வரகும் அகத்திக்கீரையும் ஒரு மாதத்திற்கு வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. நார்ச்சத்துள்ள உணவைப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்னும் அமிலமே பெருங்குடல் செல்களுக்கு முதன்மையான எரிபொருள்.

இரும்பு பெராக்ஸைடோடு சேர்ந்து கேடு செய்யும் என்று மேலே எழுதினோம். அதைப் படித்துவிட்டுப் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தங்கைகள் எவரும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வளரும் பெண்ணுக்கு இரத்தசோகை கண்ணெதிரே நிற்கும் துன்பம். மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை அவசியம்.

நாங்கள் இக்கட்டுரைக்காகப் படித்தவற்றுள் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்ததன்று. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நாம் அறிவோம். 1927-ல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்த முதல் பெண்மணி, அவ்வை இல்லத்தை நிறுவியவர் என்றெல்லாம் பாடநூலில் படித்திருக்கிறோம். அவருடைய தங்கைக்கு 1920-களின் தொடக்கத்தில் நோய் கண்டது. சீதபேதி என்று எண்ணி அதற்கே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்று. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த இளம்பெண் இறந்துபோனார். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் இப்படி நேர்ந்தது. புற்றுநோய்க்கென்றே தமிழகத்தில் ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற உறுதி அந்தத் துயரத்தில் பிறந்தது. முப்பது ஆண்டுகள் விடாது முயன்று, 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கிருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021-ல் மறையும்வரை அந்நிலையத்துக்கே தம் வாழ்வை அளித்தார்.

நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் நம் பக்கத்து ஊர்களில் அந்தக் கதை முடிந்துவிடவில்லை. மலத்தில் இரத்தம் கண்டால் "சூடு பிடித்திருக்கிறது" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். "மூலம்தான்" என்று தாமே பெயர் வைத்துக்கொண்டு, சுவரொட்டி பார்த்து வைத்தியரைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். வீணாக எவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மூலம்தான் என்பதைச் சொல்ல வேண்டியவர் பார்த்துச் சோதித்த மருத்துவர். ஆண்கள் டீக்கடையில் கூட இதைப் பேசிவிடுவார்கள். நம் அம்மாச்சியும் அப்பத்தாவும் பெற்ற மகளிடம்கூட வாய் திறப்பதில்லை. அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆண் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆதலால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான ஒரு பாட்டி சோகை பிடித்து வெளுத்துப்போய், நான்கு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறார் என்றால், அவர் உடலிலிருந்து எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். பெருங்குடலின் வலப்புறத்துக் கட்டி இப்படித்தான் மறைவாக, சிறுகச் சிறுக இரத்தத்தை இழக்கச் செய்யும். இரும்பு மாத்திரை கொடுத்துச் சோகையை மட்டும் ஆற்றிவிட்டால் காரணம் உள்ளேயே கிடக்கும். பல வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறிப்போவது, போய் வந்தபின்னும் முழுதும் போகாதது போன்ற உணர்வு, காரணமில்லாத இளைப்பு ஆகியவையும் அப்படியே. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிடக் குறைவுதான். ஆனால் ஐம்பது வயது ஆகாதவர்களுக்கும் வருகிறது. பலர் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

மறைந்த இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் எங்கள் ஆய்வுக்கூடத்து நண்பரே மீண்டும் வருகிறார். மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் குவாயகம் என்ற மரத்தின் பிசின் தடவிய தாளில் சிறிதளவு மலத்தைப் பூசி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சொட்டுவார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு கலந்த ஹீம் என்ற பொருள் பெராக்ஸிடேஸ் நொதி போல நடந்து, பிசினை ஆக்ஸிஜனேற்றி நீலமாக்கிவிடும். நீலம் தோன்றினால் மேற்சோதனை தேவை. சோதனைக்கு முன் சில நாட்கள் ஆட்டிறைச்சியும் பச்சை முள்ளங்கியும் உண்ணலாகாது என்பார்கள். முள்ளங்கியில் உண்மையான பெராக்ஸிடேஸ் நொதியே இருப்பதால் அதுவும் நீலம் காட்டி ஏமாற்றும். வைட்டமின் சி மாத்திரையும் ஆகாது. அது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதால், இரத்தம் இருந்தும் நீலம் தோன்றாமல் போகலாம். காப்பதற்கென்று விழுங்கிய மாத்திரை, உள்ளே இருக்கும் கட்டியை மறைத்துவிடும் என்றால் எவ்வளவு விபரீதம்! மனித இரத்தத்தை மட்டும் இனங்காணும் புதிய சோதனைகள் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கு இந்தப் பத்தியம் வேண்டியதில்லை.

இந்த எளிய சோதனையின் பயன் சிறிதன்று. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 46,551 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. ஆண்டுதோறும் மலச்சோதனை செய்துகொண்டவர்களிடையே பெருங்குடல் புற்றால் நேரும் இறப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. எந்த மாத்திரையும் செய்யாததை ஒரு தாளும் இரண்டு சொட்டுப் பெராக்ஸைடும் செய்தன.

தாள் நீலமானால் அடுத்தது கோலனாஸ்கோப்பி. விரற்கடை அளவு பருமனுள்ள, வளையும் குழாயின் நுனியில் விளக்கும் காமிராவும் இருக்கும். முந்தைய நாளே மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சோதனையைவிட அந்த மருந்தைக் குடிப்பதே பெரும்பாடு என்று செய்துகொண்டவர்கள் சொல்லுகிறார்கள். மயக்கம் தரும் ஊசி போட்டுவிட்டுக் குழாயை மெல்ல உள்ளே செலுத்துவார்கள். பாலிப் புற்றாக மாறப் பத்தாண்டு அவகாசம் உண்டு என்றோமே, அந்த அவகாசம் இங்கேதான் பயன்படுகிறது. சுவரில் மொட்டு ஏதேனும் தெரிந்தால் அதே குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பி வளையத்தை நீட்டி, மொட்டின் கழுத்தில் சுருக்கிட்டு அறுத்து எடுப்பார்கள். அது ஃபார்மலின் குப்பியில் நுண்ணோக்கிச் சோதனைக்குப் போகும். வயிற்றில் தையல் இல்லை, தழும்பு இல்லை. காலையில் வந்த பாட்டி பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போய் இரசஞ்சாதம் சாப்பிடலாம்.